சார்லஸ் டவ்: கையாலேயே கணக்கு போட்டு இண்டிகேட்டர் செஞ்ச மனுஷன்

டிரேடிங் வியூ, ஆமிபுரோக்கர், மெட்டாடிரேடர் இப்படி எந்த சாஃப்ட்வேரை ஓப்பன் பண்ணினாலும் இண்டிகேட்டர் லிஸ்ட் முடியவே முடியாது. ஆர்.எஸ்.ஐ., மேக்டி, பொலிஞ்சர் பேண்ட், சூப்பர்டிரெண்ட்... ஸ்க்ரோல் பண்ணிக்கிட்டே போகலாம். பைத்தான் கொஞ்சம் தெரிஞ்சவங்களுக்கு, நாமளே ஒண்ணு எழுதிப் பாப்போமேன்னு ஒரு ஆசை வரும். எழுதுறதும் கஷ்டம் இல்லை. பாண்டாஸ்ல நாலு வரி, பைன் ஸ்கிரிப்ட்ல இன்னும் குறைவு.

ஆனா இந்த லிஸ்ட்டோட வேரைத் தேடிப் போனா, கம்ப்யூட்டர் மட்டும் இல்ல, கால்குலேட்டர்கூட கையில இல்லாத ஒருத்தர்கிட்ட போய் நிப்போம். அவர் கணக்கு வாத்தியாரும் இல்லை, புரோக்கர் குடும்பத்துல பிறந்தவரும் இல்லை. ஒரு ரிப்போர்ட்டர். பேரு சார்லஸ் ஹென்றி டவ். டவ் ஜோன்ஸ்னு தினமும் நியூஸ்ல கேக்குறோமே, அந்த டவ் இவர்தான்.

பண்ணைல இருந்து பத்திரிகைக்கு

1851 நவம்பர் 6-ம் தேதி, அமெரிக்காவுல கனெக்டிகட் மாநிலத்துல ஸ்டெர்லிங்ங்கிற ஊர்ல டவ் பிறந்தார். விவசாயக் குடும்பம். அவருக்கு ஆறு வயசு இருக்கும்போதே அப்பா இறந்துட்டார். பெரிய படிப்பு எதுவும் அமையலை. ஆனா எழுத வந்துச்சு. 1872-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்துல ஸ்பிரிங்ஃபீல்டு ஊர்ல இருந்து வந்த ஒரு நாளிதழ்ல வேலைக்குச் சேர்ந்தார். அங்க ஆசிரியரா இருந்த சாமுவேல் பவுல்ஸ், வளவளன்னு எழுதாம விஷயத்தை மட்டும் எழுதணும்ங்கிறதுல ரொம்ப கறாரானவர். அந்தப் பழக்கம் டவ்கிட்ட கடைசி வரைக்கும் இருந்துச்சு.

மூணு வருஷம் கழிச்சு ரோட் ஐலண்டு மாநிலத்துல பிராவிடன்ஸுக்குப் போனார். அங்க அவர் எழுதினது பரபரப்புச் செய்தி இல்லை. நியூயார்க்குக்கும் பிராவிடன்ஸுக்கும் நடுவுல ஓடின நீராவிக் கப்பல்களோட வரலாறு மாதிரியான நீளமான கட்டுரைகள். பழைய ஆவணத்தைத் தோண்டி, வருஷத்தையும் விலையையும் வரிசையா அடுக்கி எழுதுறதுல அவருக்கு ஒரு ருசி. இப்போ நாம டேட்டா கிளீனிங்னு சொல்றோமே, கிட்டத்தட்ட அந்த வேலை.

1879-ல் அவர் வாழ்க்கை திரும்புச்சு. கொலராடோவுல லெட்வில்ங்கிற மலை ஊர்ல வெள்ளி கிடைச்சு ஊரே பைத்தியம் பிடிச்ச மாதிரி இருந்த நேரம். கிழக்குப் பக்கத்துப் பணக்காரங்க, பேங்க்காரங்க எல்லாம் முதலீடு பண்றதுக்கு முன்னாடி நேர்ல பாக்க ரயில்ல கிளம்பினாங்க. கூடப் போன ரிப்போர்ட்டர் டவ். போற வழியெல்லாம் பெரிய பணம் எப்படி யோசிக்குது, எந்தத் தகவலுக்காக ஏங்குதுன்னு பக்கத்துல இருந்து கேட்டார். சுரங்கத்துல யார் ஜெயிக்கிறாங்க, யார் இருந்ததையும் விட்டுட்டுப் போறாங்கன்னும் பாத்தார். எல்லாத்தையும் கடிதமா எழுதி பத்திரிகைக்கு அனுப்பினார். திரும்பி வந்த கொஞ்ச நாள்லயே பிராவிடன்ஸை விட்டுட்டு நியூயார்க் போயிட்டார்.

மூணு பேர், ஒரு அடித்தள ரூம்

நியூயார்க்ல கியர்னன்னு ஒரு செய்தி நிறுவனம். வால் ஸ்ட்ரீட் செய்தியைக் கையால எழுதி புரோக்கர் ஆபீஸ்களுக்கு அனுப்புறதுதான் அவங்க தொழில். அங்கதான் டவ், எட்வர்ட் ஜோன்ஸ், சார்லஸ் பெர்க்ஸ்ட்ரெஸர் மூணு பேரும் ஒண்ணா வேலை பாத்தாங்க. ஜோன்ஸ், பிராவிடன்ஸ்லயே டவ்வுக்குப் பழக்கம். கம்பெனி கணக்கு அறிக்கையைப் பாத்த உடனே எங்க இடிக்குதுன்னு சொல்லிடுவார். டவ் அதுக்கு நேரெதிர். உயரமானவர், தாடி வெச்சவர், அதிகம் பேசாதவர், பாக்க ஒரு புரொஃபசர் மாதிரி இருப்பார்.

1882 நவம்பர்ல மூணு பேரும் தனியா கிளம்பி டவ் ஜோன்ஸ் கம்பெனியை ஆரம்பிச்சாங்க. ஆபீஸ், வால் ஸ்ட்ரீட் 15-ம் நம்பர் கட்டடத்துல ஒரு அடித்தள ரூம். பெர்க்ஸ்ட்ரெஸரும் பார்ட்னர்தான், ஆனா கம்பெனி பேர்ல அவர் பேர் இல்லை. பேர் ரொம்ப நீளம்னு விட்டுட்டாங்கன்னு சொல்லுவாங்க. இத்தனைக்கும் மெல்லிசு பேப்பரையும் கார்பனையும் அடுக்கி வெச்சு, ஒரே அழுத்துல முப்பதுக்கும் மேல காப்பி எடுக்குற எழுதுகோலைச் செஞ்சவர் அவர்தான். அந்தத் துண்டுச் சீட்டுகளை எடுத்துக்கிட்டுப் பையன்கள் புரோக்கர் ஆபீஸ் ஆபீஸா ஓடுவாங்க. அந்தக் காலத்து புஷ் நோட்டிஃபிகேஷன்னு வெச்சுக்கலாம்.

ஒரு விஷயம் இங்க முக்கியம். அப்போ கம்பெனிகள் கணக்கு வெளியிடணும்னு சட்டம் எதுவும் இல்லை. ஒரு ஷேரைத் தூக்கி எழுத ரிப்போர்ட்டருக்குப் பணம் கொடுக்குறது சகஜம். உள்ள இருக்குறவனுக்கு எல்லாம் தெரியும், வெளியில இருந்து வாங்குறவனுக்கு வதந்திதான் டேட்டா. அந்தச் சந்தையில, கருத்தை விட்டுட்டு நடந்ததை மட்டும் எல்லாருக்கும் ஒரே நேரத்துல கொடுக்கணும்னு இவங்க நினைச்சாங்க. 1883 கடைசியில மதியம் ஒரு சின்ன செய்தித்தாள் மாதிரி வெளியிட ஆரம்பிச்சாங்க. அதுதான் வளர்ந்து 1889 ஜூலை 8-ம் தேதி வால் ஸ்ட்ரீட் ஜர்னல் ஆச்சு. நாலு பக்கம், விலை 2 சென்ட்.

முதல் இண்டிகேட்டர்

இப்போ நம்ம விஷயத்துக்கு வருவோம். தினமும் நூறு ஷேர் விலை மாறுது. சிலது ஏறுது, சிலது இறங்குது. மொத்தத்துல சந்தை இன்னைக்கு ஏறுச்சா இறங்குச்சான்னு யாராவது கேட்டா என்ன சொல்றது? அன்னைக்கு யார்கிட்டயும் இதுக்கு ஒரு நம்பர் கிடையாது. ஆளுக்கு ஒரு அபிப்பிராயம்தான்.

டவ் பண்ணினது ரொம்ப சிம்பிள். முக்கியமான சில ஷேர்களோட குளோசிங் விலையைக் கூட்டி, எண்ணிக்கையால வகுத்தார். அவ்ளோதான். 1884 ஜூலை 3-ம் தேதி அந்த முதல் சராசரி வெளிவந்துச்சு. 11 ஷேர், அதுல 9 ரயில்வே கம்பெனி. மிச்சம் ரெண்டு, ஒரு கப்பல் கம்பெனியும் வெஸ்டர்ன் யூனியன் தந்தி கம்பெனியும். அப்போ ரயில்வேதான் பெரிய தொழில், தொழிற்சாலை ஷேர்ங்கிறது சூதாட்டம் மாதிரி பாக்கப்பட்ட காலம்.

பன்னிரண்டு வருஷம் கழிச்சு நிலைமை மாறுச்சு. 1896 மே 26-ம் தேதி 12 தொழில் கம்பெனிகளை வெச்சு தனியா ஒரு சராசரி போட்டார். சர்க்கரை, புகையிலை, பருத்தி எண்ணெய், தோல், ரப்பர், கேஸ், ஜெனரல் எலெக்ட்ரிக்... முதல் நாள் விலை 40.94. அதே வருஷம் ஆகஸ்ட் 8-ம் தேதி அது 28.48-க்கு விழுந்துச்சு. ரெண்டரை மாசத்துல 30 சதவீத இறக்கம். இன்னைக்கு வரைக்கும் அந்த இண்டெக்ஸ் தொட்ட மிகக் குறைந்த புள்ளி அதுதான்.

எஸ்.எம்.ஏ. கோட் எழுதினவங்க ஒண்ணு கவனிச்சிருப்பீங்க. நாம ஒரே ஷேரோட 20 நாள் விலையைக் கூட்டி 20-ஆல வகுக்குறோம். டவ் ஒரே நாள்ல 12 ஷேர் விலையைக் கூட்டி 12-ஆல வகுத்தார். நாம காலத்து மேல சராசரி எடுக்குறோம், அவர் கம்பெனிகள் மேல எடுத்தார். ரெண்டுலயும் நோக்கம் ஒண்ணுதான்: தனித்தனிச் சத்தத்தைக் குறைச்சு, அடியில ஓடுற போக்கைப் பாக்கணும்.

அந்தக் கணக்குல இருந்த பக்

சிம்பிளான கோட்ல சிம்பிளான பக் இருக்கும். டவ் கணக்குலயும் இருந்துச்சு. மூணு ஷேர் வெச்சுப் பாப்போம். விலை 100, 50, 30. கூட்டினா 180, சராசரி 60. மறுநாள் முதல் கம்பெனி ஒரு ஷேரை ரெண்டாப் பிரிக்குது. விலை 50 ஆயிடும். யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆனா இப்போ கூட்டினா 130, சராசரி 43.33. ஒண்ணுமே நடக்காத நாள்ல சந்தை 28 சதவீதம் விழுந்ததா இண்டிகேட்டர் சொல்லுது.

இதுக்கான முழுமையான ஃபிக்ஸ், டவ் காலத்துக்கு ரொம்பப் பின்னாடி 1928-ல், இண்டெக்ஸ்ல 30 ஷேர் ஆனப்போ வந்துச்சு. எண்ணிக்கையால வகுக்காம, தனியா ஒரு வகுக்கும் எண்ணை வெச்சுக்கிட்டாங்க. நம்ம உதாரணத்துல 130-ஐ 60-ஆல வகுத்தா 2.1667. இனிமே அதால வகுத்தா சராசரி 60-லயே நிக்கும். ஒவ்வொரு பிரிப்புக்கும் அந்த எண் குறைஞ்சுக்கிட்டே வந்து, இப்போ 1-ஐ விடக் கீழ போயிடுச்சு. இண்டெக்ஸ்ல இருக்குற ஒரு ஷேர் ஒரு டாலர் ஏறினா, இண்டெக்ஸ் கிட்டத்தட்ட 6 புள்ளி ஏறுறது அதனாலதான்.

பேக்டெஸ்ட் பண்றவங்களுக்கு இது வரலாறு இல்லை, தினசரிப் பிரச்சனை. ஸ்பிளிட்டும் போனஸும் சரி பண்ணாத டேட்டாவைப் போட்டா, உங்க கிராஸ்ஓவர் ஸ்டிராட்டஜி இல்லாத வீழ்ச்சிக்கு செல் சிக்னல் கொடுக்கும். கோட்ல ஒரு எரரும் காட்டாது. அதுதான் ஆபத்து.

இன்னொண்ணு, விலை அதிகமா இருக்குற ஷேருக்குத்தான் டவ் கணக்குல எடை அதிகம், கம்பெனி எவ்ளோ பெருசுங்கிறதுக்கு இல்லை. நம்ம சென்செக்ஸும் நிஃப்டியும் கம்பெனியோட சந்தை மதிப்பை வெச்சு எடை போடுது. டவ் ஜோன்ஸ் மட்டும் இன்னும் பழைய முறையிலயே ஓடுது.

அலையும் குச்சியும்

1885-ல இருந்து 1891 வரைக்கும் டவ், நியூயார்க் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச்ல உறுப்பினராவே இருந்தார். ராபர்ட் குட்பாடின்னு ஒரு அயர்லாந்துக்காரர். அமெரிக்கக் குடிமகன் இல்லாததால அவரால உறுப்பினர் ஆக முடியலை. அவரோட கூட்டு சேர்ந்த நிறுவனத்துக்காக டவ் ஃப்ளோர்ல நின்னார். ஆக, ஆர்டர் எப்படி ஓடுதுன்னு நேர்ல பாத்த ஆள்.

1899-ல இருந்து தன்னோட பத்திரிகைல தலையங்கம் எழுத ஆரம்பிச்சார். அதுல கொஞ்சம் கொஞ்சமா சொன்ன கருத்துகள்தான் பின்னாடி டவ் தியரி ஆச்சு. அவர் சந்தையைக் கடலோட ஒப்பிட்டார். கடற்கரையில ஒரு குச்சியை நட்டு வை. ஒவ்வொரு அலையும் எது வரைக்கும் வருதுன்னு பாரு. அடுத்தடுத்த அலை குச்சியைத் தாண்டித் தாண்டி வந்தா கடல் ஏறுது. குச்சிக்கு முன்னாடியே திரும்ப ஆரம்பிச்சா கடல் இறங்குது. சந்தையிலயும் மூணு அசைவு ஒண்ணு மேல ஒண்ணு ஓடுது: அன்றாடச் சிலுசிலுப்பு, சில வாரம் நீடிக்கிற அலை, வருஷக்கணக்குல ஓடுற பெரிய ஓட்டம். இதுதான் அவர் எண்ணம்.

ஹையர் ஹை, ஹையர் லோன்னு யூடியூப்ல எல்லாரும் சொல்றாங்களே, அது இந்தக் குச்சிதான்.

இதை கோட் பண்ண உக்காந்தாதான் வில்லங்கம் தெரியும். ஒரு உச்சியை எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒரு பாரோட ஹை, இடதுபக்கம் 5 பாரையும் வலதுபக்கம் 5 பாரையும் விட அதிகமா இருந்தா அது உச்சின்னு எழுதுவோம். வலதுபக்கம் 5 பார் வரணும்னா 5 நாள் காத்திருக்கணும். அதாவது, உச்சி வந்த அன்னைக்கு அது உச்சின்னு உங்களுக்குத் தெரியாது. ஆனா சார்ட்ல வரையும்போது அம்புக்குறியை 5 பார் பின்னாடி தள்ளி, சரியா உச்சி மேலயே வெப்போம். பழைய சார்ட்டைப் பாக்குறவனுக்கு, அன்னைக்கே உச்சியில வித்துட்ட மாதிரி தெரியும். பேக்டெஸ்ட்லயும் அந்த விலைக்கே வித்ததா கணக்கு போட்டா, லாபம் வானத்துக்குப் போகும். ஜிக்ஜாக் இண்டிகேட்டர் இதைவிட மோசம், புது விலை வர வர பழைய கோட்டையே அழிச்சு வரையும். விலைக்கு விக்குற பல அற்புத இண்டிகேட்டர்ல உள்ள இருக்குற ரகசியம் இதுவாத்தான் இருக்கும்.

டவ்வோட குச்சியில இந்த ஏமாத்து வேலைக்கு இடமே இல்லை. அலை திரும்பிப் போய், அடுத்த அலையும் வந்து குறைஞ்ச அப்புறம்தான் கடல் இறங்குதுன்னு சொல்ல முடியும். தாமதம் அந்த முறைக்குள்ளேயே இருக்கு. அதை அவர் மறைக்கலை.

1901-ல் எழுதின ஒரு தலையங்கத்துல, சந்தையைப் படிக்க அப்போ புழங்கின சில முறைகளை விளக்கினார். விலை மாற மாற ஒவ்வொரு புள்ளியா நோட்டுல குறிச்சு வெக்கிற முறையும் அதுல ஒண்ணு. இன்னைக்கு சாஃப்ட்வேர்ல இருக்குற பாயிண்ட் அண்ட் ஃபிகர் சார்ட்டோட மூதாதை அது. எந்த முறையையும் அவர் மந்திரம் மாதிரி விக்கலை. எல்லாத்துக்கும் மேல, ஷேரோட உண்மையான மதிப்புதான் கடைசியில விலையை இழுக்கும்ங்கிறதுல உறுதியா இருந்தார்.

அவர் போன அப்புறம்

1902-ல் கம்பெனியை கிளாரன்ஸ் பேரன்ங்கிறவர்கிட்ட வித்தாங்க. ஜோன்ஸ் அதுக்கு முன்னாடியே விலகிட்டார். அந்த வருஷமே டிசம்பர் 4-ம் தேதி புரூக்ளின்ல டவ் இறந்தார். வயசு 51. தியரின்னு ஒரு புத்தகம்கூட அவர் எழுதலை. டவ் தியரிங்கிற பேரே அடுத்த வருஷம் எஸ்.ஏ. நெல்சன்ங்கிறவர், டவ்வோட தலையங்கங்களைச் சேர்த்துப் புத்தகமா போட்டப்போ வெச்சது.

அதுக்கப்புறம் அதே பத்திரிகைல வில்லியம் பீட்டர் ஹாமில்டன் அந்தக் கருத்துகளை வெச்சு வருஷக்கணக்கா சந்தையைக் கணிச்சு எழுதினார். தொழில் சராசரியும் ரயில்வே சராசரியும் ஒரே பக்கம் போனாத்தான் நம்பணும்ங்கிற விதியைக் கூர்மையாக்கினவர் அவர். தொழிற்சாலை சரக்கு செய்யுது, ரயில் அதை ஏத்திட்டுப் போகுது. ஒண்ணு மட்டும் ஏறினா எங்கயோ இடிக்குது. கோட்ல ரெண்டு கண்டிஷனுக்கு நடுவுல ஒரு அண்ட் போடுறோமே, அதோட பொருளாதாரக் காரணம் இது.

1933-ல் ஆல்ஃபிரட் கவுல்ஸ்ங்கிறவர் ஒரு நேர்மையான வேலை பண்ணினார். ஹாமில்டன் 1904-ல இருந்து 1929 வரைக்கும் எழுதின 255 தலையங்கத்தையும் எடுத்து, அவர் பேச்சைக் கேட்டு வாங்கி வித்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு கணக்கு போட்டார். வருஷத்துக்கு 12 சதவீதம். சும்மா வாங்கிப் போட்டுட்டுத் தூங்கியிருந்தா? 15.5 சதவீதம். 90 கணிப்புல 45 சரி, 45 தப்பு. பேக்டெஸ்ட்ங்கிற வார்த்தையே புழக்கத்துல இல்லாத காலத்துல நடந்த பேக்டெஸ்ட் இது. 1998-ல் மூணு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் அதே தலையங்கங்களைத் திரும்ப எடுத்து, ஹாமில்டன் பல சமயம் சந்தையை விட்டு வெளிய இருந்ததால ரிஸ்க் குறைவு, அதையும் சேர்த்துப் பாத்தா அவர் கணிப்புல விஷயம் இருந்துச்சுன்னு காட்டினாங்க. ஒரே டேட்டா, ரெண்டு முடிவு. என்னத்தை அளக்குறோம்ங்கிறதுதான் வித்தியாசம்.

இதை நம்ம எடிஷன்ல எழுதக் காரணம் இருக்கு. செபி 2024-ல் வெளியிட்ட ஆய்வுப்படி, 2022-ல இருந்து 2024 வரையான மூணு நிதியாண்டுல எஃப் அண்ட் ஓ டிரேட் பண்ணின தனிநபர்கள்ல 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். நூறு பேர்ல ஏழு பேர் மட்டும்தான் தப்பிச்சாங்க. அந்த 93 பேர்கிட்டயும் இண்டிகேட்டர் இல்லாமலா இருந்திருக்கும்? டவ் கையில வெச்சிருந்ததை விட ஆயிரம் மடங்கு நல்ல டூல் அவங்க ஃபோன்லயே இருந்திருக்கும்.

டவ் ஒரு தலையங்கத்துல, ஷேர் வியாபாரத்தை வாரத்துக்கு 50 சதவீதம் சம்பாதிக்கிற வழியா பாக்காம, வருஷத்துக்கு 12 சதவீதம் எடுக்குற முயற்சியா பாத்தா ஜனங்க நல்லா இருப்பாங்கன்னு எழுதினார். நூத்திச் சொச்சம் வருஷம் முன்னாடி, கூட்டல் வகுத்தலைத் தவிர வேற எந்த ஃபார்முலாவும் இல்லாத ஒருத்தர் சொன்னது.

இண்டிகேட்டர் எழுதுங்க, அது நல்ல பயிற்சி. அர்ரே, லூப், டேட்டா சுத்தம் பண்றது, எட்ஜ் கேஸ்னு கிளாஸ்ல வராத அளவுக்குக் கத்துக்கலாம். எழுதி முடிச்ச உடனே மூணு கேள்வி மட்டும் கேட்டுப் பாருங்க. ஸ்பிளிட் சரி பண்ணின டேட்டாவா? இந்த பார்ல, இந்த நிமிஷத்துல தெரியாத எதையாவது என் கோட் எட்டிப் பாக்குதா? சும்மா வாங்கி வெச்சிருந்ததை விட இது எந்த வகையில உசத்தி? மூணுக்கும் பதில் வந்த அப்புறம் காசு போடுறதைப் பத்தி யோசிக்கலாம். அது வரைக்கும் குச்சியை நட்டு வெச்சுட்டு அலையைப் பாத்துக்கிட்டு இருக்குறதுல ஒரு பைசா செலவு இல்லை.